வடகடலில் வேலூர் வெயில்

வேலூர் வெயில் கப்பலேறி வடக்கே போய்வந்த கதையை எங்கள் ஊரில் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள், லோகநாயகி சொன்னால் அதில் ஒரு திமிங்கலம் வரும், ஜெபராஜ் சொன்னால் கேப்டன் அவன் தோளில் கைபோட்டு யோசனை கேட்பார், நடந்தபோது அந்த வெயிலுக்கு நேர் கீழே நின்றவன் நான் ஒருத்தன்தான், என்னை மட்டும் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் நான் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன், சுருக்கமாகச் சொன்ன கதை யாருக்கும் பிடிப்பதில்லை. இப்போது கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஒரு தடவைதான்.

என் பெயர் ஏகாம்பரம், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தேன், இப்போது மகன் பார்க்கிறான். காலையில் கோட்டை அகழியோரம் நடக்கிற கூட்டம் ஒன்று எங்களுடையது, நடப்பது கொஞ்சம், டீக்கடையில் உட்காருவது அதிகம், பேச்சு எதில் ஆரம்பித்தாலும் வெயிலைத் திட்டுவதில் போய் நிற்கும். வேலூரில் அது வழக்கம். மற்ற ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற இடத்தில் நாங்கள் வெயிலைத் திட்டுவோம், கல்யாண வீட்டில் திட்டிவிட்டுத்தான் மொய் எழுதுவோம், சாவு வீட்டில் திட்டிவிட்டுத்தான் மாலையைப் போடுவோம். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. வாசலில் இறங்கி, துண்டை உதறித் தலையில் போட்டு, அண்ணாந்து பார்த்து, "வந்துட்டான் பாரு, வேற ஊரே கெடைக்கலையாடா உனக்கு" என்று சொல்லாமல் நான் தெருவில் கால் வைத்ததில்லை.

அந்த வருஷக் கத்திரியில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, பெரியாஸ்பத்திரியில் நர்சாக இருந்து ரிடையரான லோகநாயகி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ஐஸ் இருக்கிற ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிட்டுத்தான் சாவேன், வருகிறவர்கள் வரலாம் என்றாள். ஊட்டி என்றார் ஒருத்தர். ஊட்டியில் பாதி வேலூர் நிற்கிறது, இங்கே பார்க்கிற மூஞ்சியைக் காசு கொடுத்து அங்கேயும் பார்க்க வேண்டுமா என்றேன். காஷ்மீர் என்றார் இன்னொருத்தர், அவருக்கு மூட்டுவலி, அவரே வேண்டாம் என்றும் சொல்லிக்கொண்டார். கடைசியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜெபராஜைப் பிடித்தோம். அவன், நார்வே என்று ஒரு தேசம் இருப்பதாகவும், அதன் கரையோரமாகவே வடக்கே ஏறி, மரமே முளைக்காத தீவுகள் வரை ஒரு கப்பல் போவதாகவும், அங்கே மலையிலிருந்து ஐஸ் ஆறு மாதிரி இறங்கி வந்து கடலுக்குள் காலை வைத்து நிற்பதாகவும் சொல்லி, நீங்கள் நடக்கவே வேண்டாம், ஓட்டலே நடக்கும் என்றான். மூட்டுவலிக்காரர் அங்கேயே விழுந்தார்.

நாலு ஞாயிற்றுக்கிழமை அவன் ஆபீசில் கூடித் திட்டம் போட்டோம். ஒரு ஞாயிறு போதும், ஆனால் அவனிடம் நல்ல ஏசி இருந்தது. கப்பலில் அறை மூன்று தினுசு என்றான், ஜன்னலே இல்லாத உள்ளறை, வட்டக் கண்ணாடி வைத்த அறை, பால்கனி அறை. தூங்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறவனுக்கு ஜன்னல் எதற்கு, உள்ளறை எழுது என்றேன். பக்கத்தில் என் பெண்சாதி தனபாக்கியம், கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து மேற்குப் பார்த்த அடுப்படியில் நின்று வெந்தவள், புடவைக் கடையில்கூட இது வேண்டும் என்று விரல் நீட்டாதவள், "பால்கனி" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.  ஜெபராஜ் எழுதிக்கொண்டான்.

பாஸ்போர்ட் எடுக்க பீரோவைத் திறந்தபோதுதான் பார்த்தேன், கதவின் உள்பக்கம் எந்த வருஷத்துக் காலண்டர் படமோ ஒட்டியிருந்தது, நீலமாக ஒரு ஐஸ் மலை, அதன் காலடியில் கடல். எத்தனை நாளாக இருக்கிறது என்றேன். நீங்கள் பீரோவைத் திறந்தால்தானே தெரியும் என்றாள். என்னத்துக்கு இது என்றேன்.

"பாக்கத்தான். ஒரு தடவை கிட்டப் போய்க் கையில தொட்டுட்டா போதும், கிழிச்சுடறேன்."

அதற்குப் பிறகு நான் உள்ளறைப் பேச்சை எடுக்கவில்லை.

வேலூரில் போய் ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரர் நம்மை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார், அதனால் பட்டாளத்திலிருந்து வந்த சுபேதார் ஒருத்தர் வீட்டுப் பரணில் இருந்த கம்பளிக்கோட்டு, குரங்குக் குல்லா, முழங்கால் வரை வரும் காலுறை எல்லாவற்றையும் இரவல் வாங்கி, அந்துருண்டை வாசனையோடு மடித்து, அதற்கு மேலே புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, இஞ்சி மரப்பா என்று அடுக்கி, கப்பலில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று ஜெபராஜ் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்ன பிறகும் லோகநாயகி ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கரைப் புடவைக்குள் சுற்றி வைத்து, ஒரு வழியாகப் புறப்பட்டோம்.

கப்பல் என்பது தெருவைத் தூக்கி நிறுத்தின மாதிரி ஒன்று. ஏறினதும் முதல் வேலையாக ஆரஞ்சுக் கலரில் மிதவைச் சட்டை மாட்டி, ஆபத்து வந்தால் எங்கே ஓட வேண்டும் என்று ஒத்திகை பார்த்தார்கள், லோகநாயகி அந்தச் சட்டையில் தொங்கின விசிலை வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்க்கப் போய், அரைத் தளம் நிஜமாகவே ஓடிற்று. நடைகளில் கதவுகள் எல்லாம் ஒரே அச்சு, நம்மவர்கள் மாறி மாறி அடுத்தவர் அறையில் சாவி அட்டையைத் தேய்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பாக்கியம் எங்கள் கதவில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் கட்டினாள், மறுநாள் நம்மவர் கதவுகளில் எல்லாம் தோரணம் ஏறியது, எதிர் அறை ஜெர்மன் தம்பதி தங்களுக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பாத்திரம், ரசம் இல்லை. கக்கூஸில் பொத்தானை அழுத்தினால் நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும் போல ஒரு சத்தம். அந்த ஊர்ச் சூரியன் வேறு அந்த மாதத்தில் மறைவதே இல்லை, வானத்தின் ஓரமாகச் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றினாலும் சூடு கிடையாது, பாதிக்குப் பாதி தண்ணீர் விட்ட மோர் மாதிரி ஒரு வெளிச்சம்.

மூன்றாம் நாள் காலையில் வானம் சாம்பல், காற்று கத்தி. எங்கள் ஆட்கள் எல்லோரும் பின்தளத்தில் குரங்குக் குல்லாவோடு நின்று, கல்யாணத்தில் பாயசத்தைப் புகழ்கிற மாதிரி என்ன குளிர் என்ன குளிர் என்று புகழ்ந்துகொண்டு, யாருக்குப் பல் அதிகமாக ஆடுகிறது என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வந்தவன், வாசல் இறங்கின ஞாபகத்தில், துண்டை உதறிக் குல்லாவுக்கு மேலே போட்டு, ஒன்றுமே இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்து, "வந்துட்டான் பாரு, வேற ஊரே கெடைக்கலையாடா உனக்கு" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வந்துவிட்டது.

மேகம் விலகவில்லை. மேகத்துக்குக் கீழேயிருந்து, மாடியிலிருந்து வேட்டியை இறக்கிக் காயப்போடுகிற மாதிரி, நேராக இறங்கியது. ஒரு மொட்டைமாடி அளவு இருக்கும், அதற்குள்ளே வேலூர்க் கத்திரி, அதைத் தாண்டி ஒரு அடி வைத்தால் வடகடல். எங்கள் வெயில்தான், சந்தேகமே இல்லை, அந்தக் கண்ணைச் சுருக்க வைக்கும் வெள்ளை, சுட்ட பாறை வாசனை, பல்லிடுக்கில் பாலாற்று மணல், கூடவே ஒரு காக்கை, அது கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்து வாயைத் திறந்து இளைத்தது. லோகநாயகி குல்லாவைக் கழற்றிக்கொண்டு, கூப்பிட்டால் வராமல் என்ன செய்யும், வேலூரில் அதை இப்படி வாயாரத் திட்ட இப்போது யார் இருக்கிறார்கள் என்றாள். அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள்தான் முதலில் வந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நீச்சல் உடுப்போடு வரிசையாகக் கருவாடு மாதிரி கிடந்தார்கள், வெயில் ஓரத்தில் இடம் கிடைத்தவர்கள் ஒரு காலை வேலூரிலும் ஒரு காலை நார்வேயிலும் வைத்துப் படுத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு முதலில் ஆத்திரம், குளிருக்கென்று வந்தவர்களுக்கு இது என்ன அநியாயம் என்று ஜெபராஜை வளைத்துக்கொண்டார்கள், அவன் வெயில் என் பேக்கேஜில் இல்லை சார் என்று அழுதான். ஆனால் ஒரு வெள்ளைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உஸ் என்றதும் எல்லாம் மாறிப்போயிற்று. இதற்கே உஸ் என்றால் எப்படி, மே மாதம் வந்து பாருங்கள், இது வெயிலில் சேர்த்தியே இல்லை என்று மூட்டுவலிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஊரில் திட்டித் தீர்த்த வாயெல்லாம் அங்கே நம்ம வெயில், நம்ம வெயில் என்றது.

பிறகு அவரவர் அதை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நம்மவர்கள் துவைத்ததைக் காயப்போட்டார்கள், கப்பல் சலவைக்காரர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து கட்டினார்கள், பிலிப்பைன்ஸ் சமையல்காரர்கள் மீனைப் பிளந்து உப்புத் தடவிப் பரப்பினார்கள், காக்கைக்கும் கடற்பறவைகளுக்கும் அதில் சண்டை வந்தது, காக்கை ஜெயித்தது. லோகநாயகி சமையலறைக்குள் புகுந்து ஜவ்வரிசியும் பச்சைமிளகாயும் வாங்கிவந்து, தலைமைச் சமையல்காரரையே கிண்ட வைத்து, மேசை விரிப்புகளில் வடாம் பிழிந்தாள், அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சூப்புக்குப் பக்கத்தில் பொரித்த வடாம் வந்தது, ஜெர்மன் தம்பதி அதை முள்கரண்டியால் குத்தப் பார்த்து அது எகிறி அடுத்த மேசைக்குப் போயிற்று. கப்பலில் தினமும் கதவுக்கடியில் போடுகிற நிகழ்ச்சி நிரலில், யோகா, சீட்டாட்டம், பியானோ என்பதற்குக் கீழே, "வேலூர், பின்தளம், பதினொன்று முதல் நான்கு வரை, தொப்பி அவசியம்" என்று அச்சடித்தார்கள்.

அது என் பின்னால்தான் வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை நாள் ஆயிற்று. நான் முன்தளத்துக்குப் போனால் விரிப்புகளும் மீனும் வடாமும் குளிரில் விறைத்தன, நான் திரும்பினால் உயிர் வந்தது. அன்றிலிருந்து அந்த நேரத்தில் என்னைப் பின்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், கேட்காமலே டீ வந்தது, எழுந்தால் ஐம்பது பேர் எங்கே எங்கே என்றார்கள். கேப்டன் ஓலாவ், ஆறரை அடி மனிதர், ஒரு நாள் வந்து பார்த்தார், ஷூ முனையை வெயிலுக்குள் வைத்து எடுத்தார், இது யாருடையது என்று கேட்டார், என்னைக் காட்டினார்கள். அவருடைய மாமனார் கப்பலில் முன்பு ஒரு கிராமத்து மழை ஏறிவிட்டதாம், அது இறங்க மூன்று துறைமுகம் ஆயிற்றாம், அதற்கு இது தேவலை என்று ஜெபராஜ் மூலமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் சந்தோஷம். பாக்கியம் மட்டும் கப்பல் மூக்கிலேயே நின்றாள். வடக்கே ஏற ஏற, கடலில் ஐஸ் துண்டுகள் மிதந்து வர ஆரம்பித்தன, தூரத்தில் மாடு படுத்திருக்கிற மாதிரி தெரியும், கிட்டே வரும்போது ஆட்டுக்குட்டி, இன்னும் கிட்டே வந்தால் தலையணை, கப்பல் பக்கத்தில் வரும்போது கற்பூரம் மாதிரி இல்லாமலே போய்விடும். பின்தளத்தில் நான் உட்கார்ந்திருக்கிற சூடு, மனுஷருக்கு உறைக்காவிட்டாலும், தண்ணீரோடு அங்கே வரை எட்டியது. அவள் சாயங்காலம் அறைக்கு வந்து கையுறையைக் கழற்றி உலர்த்துவாள், என்ன பார்த்தாய் என்றால் தண்ணீர் என்பாள்.

நான் வெயிலைத் துரத்திப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தேன், எஜமான் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நாய் மாதிரி அது இன்னும் கிட்டே வந்து இன்னும் சுட்டது. மறுநாள் வாய்க்கு வந்தபடி திட்டினேன், அது பளபளவென்று பூரித்தது.

ஐஸ் ஆறு கடலில் இறங்குகிற இடத்துக்குப் போக வேண்டியதற்கு முந்தின நாள், கேப்டன் எல்லோரையும் நாடகக் கூடத்தில் கூட்டினார். அந்த ஐஸ் சுவர் பல மாடி உயரம், இந்த வெயிலை வைத்துக்கொண்டு கிட்டப் போனால் சரிந்து கப்பல் மேல் விழும், அதனால் போவதில்லை, பதிலாக இன்னும் ஒரு நாள் திறந்த கடலில் வேலூர் என்றார். யாருக்காவது மறுப்பு உண்டா, ஐஸ் வேண்டாம், வெயிலே போதும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். வெள்ளைக்காரர்கள் கை மொத்தமும் மேலே போயிற்று, சூப்புக்கு வடாம் பிடித்துப்போன கூட்டம். நம்மவர்களும் தூக்கினார்கள், நம் ஊர் வெயிலை நாமே விட்டுக்கொடுப்பதா என்று. லோகநாயகி பாதி தூக்கினவள், பக்கத்தில் பார்த்துவிட்டு இறக்கினாள். பாக்கியம் மடியில் கிடந்த சால்வை ஓரத்தை மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டிருந்தாள்.

லோகநாயகி எழுந்தாள். "இவ எதுக்கு வந்தான்னு யாராவது கேட்டீங்களா? வடாம் திங்கவா வந்தா?"

 ஜெபராஜுக்கு அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியவில்லை. நான் எழுந்தேன்.

"கேப்டன் கிட்ட சொல்லுடா. போற வழியில மனுஷன் இருக்கற கரை ஏதாவது இருந்தா என்னை எறக்கிவுடச் சொல்லு. போய்ட்டு வந்து ஏத்திக்கட்டும்."

ஜெபராஜ் விசா என்றான், இன்ஷூரன்ஸ் என்றான், வயசு என்றான். லாரி ஆபீஸ் நடத்தினவனுக்கு எந்தச் சரக்கை எங்கே இறக்க வேண்டும் என்று தெரியும், நீ சொன்னதைச் சொல் என்றேன். சொன்னான். கேப்டன் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, ஹல்வீக் என்று ஒரு மீன்பிடிக் கிராமம் உண்டு, காலையில் இறக்கிச் சாயங்காலம் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் வெயில் உம்மோடு கரையில் நிற்க வேண்டும், பாதியில் அது கப்பலைத் தேடிக்கொண்டு வந்தால் அந்த இடத்திலேயே திருப்பிவிடுவேன் என்றார். நிற்கும் என்றேன். நிற்குமா என்று எனக்கே தெரியாது.

 அறைக்கு வந்ததும் பாக்கியம் தோரணத்துக்குக் கீழே நின்று கேட்டாள்.

"உங்களுக்குப் பாக்க வேணாமா?"

"ஐஸ்தானே. ஃப்ரிட்ஜுல பாத்துக்கறேன். நீ கையுறை எடுத்துக்கோ."

ஹல்வீக் என்பது சிவப்பும் மஞ்சளுமாகச் சில மர வீடுகள், ஒரு சின்ன சர்ச், மீன் காயப்போடும் பந்தல், அதற்குப் பின்னால் பாசி படர்ந்த மொட்டை மலை. படகில் கொண்டுவந்து என்னை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். வெயில் எனக்குப் பின்னால் இறங்கியது, காக்கையும். கப்பல் சத்தம் போடாமல் வடக்கே திரும்பிற்று, கைப்பிடிக் கம்பியில் ஒரு குரங்குக் குல்லா கை ஆட்டியது, எல்லோருக்கும் அதே குல்லாதான் என்றாலும் அது அவள்தான்.

கடை வைத்திருக்கும் இங்கா என்ற பெண்மணி முதலில் வந்தாள். வெயிலை மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள், கடையைப் பூட்டினாள், தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள். அரை மணியில் ஊரே வந்துவிட்டது. ஆனால் ஒரு மொட்டைமாடி அளவு வெயிலில் எத்தனை பேர் நிற்பார்கள், அவர்கள் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசி, மீன் ஏற்றும் தள்ளுவண்டி ஒன்றைக் கொண்டுவந்து, அதில் நாற்காலியை வைத்துக் கயிற்றால் கட்டி, என்னைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்து, வீதி வீதியாக இழுத்துக்கொண்டு போனார்கள்.

துண்டோடு நான் மேலே, வெயில் குடை மாதிரி எனக்கு மேலே, காக்கை முன்னே. வீட்டுக்கு வீடு வண்டி நிற்கும். நிற்கிற வீட்டுக்காரர்கள் மெத்தைகளைத் தூக்கிவந்து போடுவார்கள், ஜன்னலோரச் செடித் தொட்டிகளைக் கொண்டுவந்து வைப்பார்கள், கட்டுப்போட்ட காலோடு ஒருத்தர் வந்து உட்கார்ந்தார், ஒருத்தர் பெயிண்ட் உடனே காயும் என்று அவசர அவசரமாகக் கதவுக்குச் சிவப்படித்தார், பாதிரியார் ஈரம் பிடித்த ஜெபப் புத்தகங்களைச் சர்ச் மதில்மேல் விரித்துப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வாசலிலும் மண்டகப்படி மாதிரி காப்பியும் கேக்கும். பனிவண்டி இழுக்கும் நாய்கள் வைத்திருந்தவர் மட்டும் கைகூப்பாத குறையாக வேண்டாம் என்றார், நாய்களுக்கு அத்தனை ரோமம், அவர் வீட்டு முன்னால் வண்டியை ஓட்டமாக இழுத்தார்கள். அண்ணன் தம்பி வீடு அடுத்தடுத்து இருந்தது, தம்பி வீட்டில் அதிக நேரம் நின்றது என்று அண்ணன் சண்டைக்கு வந்தார். பாஷை தெரியாவிட்டாலும் அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

மத்தியானம் ஆனபோது காக்கை எழுந்து கடல் பக்கமாகப் பறந்தது. வெயிலின் ஓரம் வண்டியை விட்டு நகர்ந்து தண்ணீரைத் தொட்டது. வடக்கே, கப்பல் போன திசையில், அடிவானத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது, அது ஐஸ், வெயிலுக்கும் அது தெரிந்துவிட்டது. ஐஸைக் கண்டிராத வெயில், ஆசை இருக்காதா. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் கப்பல் திரும்பிவிடும், அவள் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவாள்.

"எங்கடா போற, இங்க வாடா" என்றேன்.

நின்றது. வாயை மூடினேன், நகர்ந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, சும்மா இருந்தாலும் முன்பு ஒட்டிக்கொண்ட வெயில், ஐஸைப் பார்த்த பிறகு திட்டினால்தான் நிற்கிறது, நிறுத்தாமல் திட்ட வேண்டும், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற ஆள் நான், கப்பல் திரும்புகிற வரை திட்ட வேண்டும்.

திட்டினேன். வண்டியில் உட்கார்ந்தபடியே, வாசலுக்கு வாசல் நின்றபடியே, பாலாறு காய்ந்ததைச் சொல்லித் திட்டினேன், மாம்பூ கருகினதைச் சொல்லித் திட்டினேன், கரண்டு போன ராத்திரிகளையும் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடின குடங்களையும் வெடித்த டயர்களையும் வரிசையாகச் சொல்லித் திட்டினேன், என் கல்யாணத்தன்று பந்தலில் நாதஸ்வரக்காரர் மயங்கி விழுந்ததைச் சொல்லித் திட்டினேன். மூச்சு வாங்க நிறுத்துகிற இடங்களில் அது ஓரம் நகரப் பார்த்தது, வண்டி இழுக்கிறவர்கள் அதைக் கவனித்துவிட்டு, எனக்குப் பதிலாக அவர்களே, "வேற ஊரே கெடைக்கலையாடா உனக்கு" என்று அவர்கள் நாக்கு வளைகிற அளவுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள், இங்கா எடுத்துக்கொடுக்க ஊரே திருப்பிச் சொல்லிற்று, பாதிரியாரும் சொன்னார். கடைசியில் திட்டுவதற்கு ஒன்றும் பாக்கியில்லாமல் போயிற்று. அப்போதுதான் அந்த அடுப்படி ஞாபகம் வந்தது. ஏன்டா, அவள் அடுப்படி ஜன்னலில் போய் எத்தனை வருஷம் எட்டிப் பார்த்தாய், ஒரு சாயங்காலமாவது அவளை ஆற விட்டாயா, ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவளைக் குளிரில் நிற்க விடக் கூடாதா என்று கேட்டேன். அதைத் திட்டு என்று சொல்ல முடியாது, குரல் அதற்குள் பாதி போய்விட்டது. வெயில் கடல் பக்கம் வைத்திருந்த ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்கே திரும்பி வந்தது. அப்புறம் அது நகரவில்லை.

கப்பல் சாயங்காலம் வந்தது, சாயங்காலம் என்பது கடிகாரத்தில்தான், வெளிச்சம் அப்படியே இருந்தது. என்னை ஏற்றிக்கொள்ளப் படகு வந்தபோது அதில் பாக்கியமும் வந்தாள், வர வேண்டிய அவசியமே இல்லை. கன்னமும் மூக்கும் சிவந்து, பல் கிடுகிடுக்க, சுபேதார் கோட்டில் உப்புப் பூத்து, கரை ஏறி நேராக வெயிலுக்குள் வந்து நின்றாள். கையுறையைக் கழற்றி உள்ளங்கையை என் கழுத்தில் வைத்தாள். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று.

"தொட்டியா?" என்றேன். காற்றுதான் வந்தது, குரல் இல்லை.

"தொட்டேன். படகுல கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க, கையில பிடிச்சிட்டிருந்தேன், உள்ளங்கை எரியற வரைக்கும். எல்லாம் பாத்தேன். பாத்துட்டுத் திரும்பினா, சொல்றதுக்குப் பக்கத்துல ஆள் இல்ல."

நாற்காலியைக் காட்டினேன். அவள் அதில் உட்காரவில்லை, தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன். இங்கா இரண்டு காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் புரியாவிட்டாலும் கேட்பதற்காகக் கொஞ்சம் தள்ளி அமர்ந்தாள், ஊர்க்காரர்களும் அமர்ந்தார்கள். பாக்கியம் காலையில் கப்பல் திரும்பின இடத்திலிருந்து ஆரம்பித்தாள், முதலில் காற்று எப்படி மாறியது, பிறகு தண்ணீர் எப்படிக் கெட்டியானது, பறவைகள் எப்படி வாயை மூடிக்கொண்டன, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு பேச்சு.

கப்பல் ஊதியது. படகுக்காரன் எழுந்து நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். அவள் இன்னும் ஐஸின் நிறத்துக்கே வந்து சேரவில்லை. இரண்டாம் தடவையும் ஊதியது. அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஊதட்டும், நீ சொல்லு" என்றேன்.